இரண்டு விரல் சந்து

பங்குனி 3, செவ்வாய்

தையல்காரர் மேல் தப்பில்லை. ஜன்னலை அளந்தது நான்தான். கையால் சாண் போட்டு அளந்து, நாலு சாண் என்று நேர் அளவைச் சொல்லிவிட்டு வந்தேன். ஸ்கிரீன் துணி கொசுவம் விழ ஒன்றரை மடங்கு வேண்டும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஊர் வீட்டில் ஜன்னலே கிடையாது. தைத்து வந்ததைக் கம்பியில் கோத்துப் பார்த்தால், போன வருஷச் சட்டையைப் போட்ட பையன் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறது. எப்படி இழுத்துவிட்டாலும் வலது பக்கம் இரண்டு விரல் சந்து.

தையல் கடைக்குப் போய் நாலு பேர் முன்னால், "என்னண்ணே, பாதித் துணிய வீட்டுக்குக் கொண்டு போயிட்டீகளா?" என்று கேட்டேன். அவர் பாவம், தன் தப்புதான் என்று நினைத்து, சும்மாவே ஒரு தலையணை உறை தைத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சந்து விழுந்ததற்கு வீட்டுக்காரம்மா கோமதியக்காவும் ஒரு காரணம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது அந்த அம்மாவின் முதல் சட்டம். ஆணி அடித்தால் ஜன்னல் சட்டத்துக்கு வெளியே, சுவரோடு அகலமாகத் தொங்கவிடலாம். இப்போது ஜன்னல் சட்டத்துக்கு உள்ளேயே, இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் முட்டுக்கொடுத்து நிற்கிற ஸ்பிரிங் கம்பிதான். இரண்டு முனையிலும் ரப்பர் குமிழ். பிடித்து நிற்கிறதா, நடிக்கிறதா என்று சொல்ல முடியாது.

நாலாம் வகுப்பு படித்தவளுக்கு நோட்டு எதற்கு என்றால், ஆஸ்பத்திரியில் நர்ஸ் எஸ்தர் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறது. நோயாளி குடித்த தண்ணீர், போன ஒன்றுக்கு, காய்ச்சல், எல்லாவற்றையும் அதில் எழுதிக் காட்ட வேண்டும். அதன் அட்டையில் 'மாரிக்கனி, வயது 46' என்று எழுதியிருக்கிறது. மாரிக்கனி நான். கட்டிலில் வெந்து கிடப்பது என் வீட்டுக்காரரின் தங்கை சங்கரேஸ்வரி. அவளுக்கு முப்பத்திநாலு. தினமும் அதில் பொய்ப் பெயரில் எழுதிக் கை கூசுகிறது. அதனால் எனக்கென்று இன்னொரு நோட்டு வாங்கினேன். இதில் நிஜம் மட்டும்.

பங்குனி 4, புதன்

நடந்ததை ஒரு தடவை எழுதிவிடுகிறேன். பிறகு எழுத மாட்டேன்.

சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில், பதினொன்றாம் நம்பர் அறையில், எனக்கு மருந்து திணிக்கிற வேலை. தை மாசக் கடைசியில் ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். போகாவிட்டால் நம் இடத்தில் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார்கள். அதனால் போக முடியாதவள், வீட்டிலிருந்து இன்னொருத்தியைத் தன் பெயரில் அனுப்புவது வழக்கம். போர்மேன் கண்டுகொள்ள மாட்டார். தலையில் துண்டு, மூக்கில் துணி, அதற்கு மேல் மருந்துப் பொடி. ஒன்பது மணிக்கு மேல் எல்லார் முகமும் ஈயப் பாத்திரம் மாதிரி ஒரே நிறம். அன்றைக்குச் சங்கரி என் பெயரில் போனாள்.

அறையில் நாலு பேர். மூன்று பேர் இல்லை.

ஆம்புலன்சில் ஏற்றியவர்கள் வருகைப் பதிவைப் பார்த்து 'மாரிக்கனி' என்று கையில் சீட்டுக் கட்டிவிட்டார்கள். நாங்கள் மதுரைக்கு வந்து சேர்வதற்குள் போர்மேன் போன் பண்ணினார். "பேர மாத்திராதீக. வெளியாளுன்னு தெரிஞ்சா ஆலையில வைத்தியத்துக்குக் கை கழுவிருவாக. புள்ள பொழைக்கணும்னா அது மாரிக்கனிதான்." சொல்லிவிட்டு அவர் எங்கேயோ போய்விட்டார்.

ஊரில் எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்ல மாட்டார்கள். ஆளுக்கு ஆள் அனுப்பாத வீடு அங்கே எது?

முப்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். தொடைத் தோலை எடுத்துக் கழுத்திலும் கையிலும் வைக்கிற ஆப்பரேஷன் ஒன்று பாக்கி. சித்திரை ஏழாம் தேதி குறித்திருக்கிறார்கள். அதுவரை ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும் என்பதால், ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி இந்த ஒற்றை அறையைப் பிடித்தோம். ஜன்னலுக்கு வெளியே பைப்படி. ஏழு வீட்டுப் பெண்களும் அங்கேதான்.

அதனால் வீட்டுக்குள் ஒரு சட்டம் போட்டேன். ஸ்கிரீன் மூடியிருந்தால் சொந்தப் பெயர். திறந்திருந்தால் மாற்றுப் பெயர். சங்கரி படுத்தபடியே, "அப்ப எனக்கு நாப்பத்தாறு வயசா மதினி? நீ எங்கிட்டயிருந்து பன்னெண்டு வயசத் திருடிட்ட," என்றாள். உதடு இன்னும் சரியாகப் பிரியவில்லை. அதிலேயே பேச்சுக்குக் குறைச்சல் இல்லை.

தாலியைக் கழற்ற வேண்டியிருந்தது. நான் இப்போது கல்யாணம் ஆகாத பெண் அல்லவா. வைக்க இடம் தெரியாமல் ஸ்கிரீனின் கீழ் ஓரத்தைப் பிரித்து உள்ளே வைத்துத் தைத்துவிட்டேன். காற்றில் பறக்காமல் கனமாகத் தொங்குகிறது. ஒரு விதத்தில் வசதி.

பங்குனி 6, வெள்ளி

இன்று பைப்படியில் என் வீட்டுக்காரரை முதல் தடவையாக "அண்ணே" என்று கூப்பிட்டேன். டீ குடித்துக்கொண்டிருந்தவருக்குப் புரை ஏறிவிட்டது. கோமதியக்கா அவர் தலையில் தட்டி, "தங்கச்சி கூப்பிட்டா இம்புட்டுப் பயமாய்யா உனக்கு?" என்றார்.

கல்யாணமாகி இருபத்திமூன்று வருஷம். பிள்ளை இல்லை. நான் அந்த வீட்டுக்குப் போகும்போது சங்கரிக்குப் பதினொரு வயது. அவளுக்குச் சடை பின்னிவிட்டது நான்தான். முடி எலிவால் மாதிரி இருக்கும். கேலி பண்ணிக்கொண்டே பின்னுவேன்.

சங்கரி: கஞ்சி இரண்டு டம்ளர், இளநீர் ஒன்று.

பங்குனி 9, திங்கள்

புதுத்தோலில் வெயில் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கறுத்துச் சுருங்கிவிடுமாம். காலை பத்து மணிக்கு வெயில் அந்த இரண்டு விரல் சந்து வழியாக நேராக உள்ளே வருகிறது. முதலில் தரையில் ஒரு கோடு. பிறகு கட்டில் கால். பிறகு அவள் கை. கோடு நகர நகர நானும் நகர்ந்து, அது படுகிற இடத்தில் முதுகைக் காட்டி நின்றேன். ஒரு மணி வரை அப்படியே. உலை வைத்தது அதற்குப் பிறகுதான்.

சந்தைத் தலையணையால் அடைக்கலாம். சங்கரி விடமாட்டேன் என்கிறாள். அறை முழுக்க மூடிவிட்டால் அவளுக்கு மூச்சு முட்டுகிறது. ஆலையில் எங்களுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுப்பதே, வாசலை மறைத்து எதையும் வைக்காதே, எது வெளியே போகிற வழியோ அதைப் பார்த்தபடி உட்கார் என்பதுதான். அன்றைக்கு அவளுக்கும் அதைச் சொல்லித்தான் அனுப்பினேன். அவள் இன்னும் அப்படியே படுத்திருக்கிறாள்.

"அது கம்பி போட்ட சன்னல்டி. பூனை கூட வெளிய போக முடியாது," என்றேன்.

"தெரியும் மதினி. சும்மா பாத்துக்கிட்டாவது இருக்கேன்."

பங்குனி 12, வியாழன்

சோறு வடிக்கும்போது ஸ்பிரிங் கம்பி விழுந்தது. தரையில் பட்டு ஒரு சத்தம். அவ்வளவுதான். சங்கரி கட்டிலில் இல்லை. கட்டிலுக்கு அடியில் இருந்தாள். கட்டுப் பிரிந்து, தொடையெல்லாம் ரத்தம். எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

எஸ்தரின் நோட்டில் 'தவறி விழுந்தார்' என்று எழுதினேன்.

பங்குனி 15, ஞாயிறு

கோமதியக்கா ஒரு போட்டோவோடு வந்தார். மாப்பிள்ளைக்கு ஐம்பது வயது, டீக்கடை வைத்திருக்கிறாராம், முதல் சம்சாரம் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம்.

"ஏய்யா காளிராஜ், பொண்டாட்டி படுத்துட்டான்னு தங்கச்சிய வேலக்காரியா வச்சிருக்கியே. வயசு ஏறிக்கிட்டுப் போகுதுல்ல. பாரு, தலையில நரைகூட எட்டிப் பாக்குது. இதுக்கு மேல எவன் வருவான்?"

என் வீட்டுக்காரர் போட்டோவை வாங்கி, எனக்கு மாப்பிள்ளை பார்க்கிற முகத்தோடு பார்த்தார். அந்த முகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. "யோசிச்சுச் சொல்றேங்க்கா," என்றார்.

அக்கா போனதும் ஸ்கிரீனை இழுத்துவிட்டேன். சங்கரி போட்டோவைக் காட்டச் சொன்னாள்.

"மீசை நல்லாத்தான் இருக்கு. ஏழு வருசமா ஒருத்தனும் வரல. இப்ப எம்பேருக்கு ஒருத்தன் வந்திருக்கான், அதையும் நீ எடுத்துக்கிட்ட."

"வேணும்னா நீயே வச்சுக்கோடி. எனக்கு ஒங்கண்ணனே ஜாஸ்தி."

அவள் சிரித்தாள். கழுத்துத் தோல் இழுத்து வலித்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பங்குனி 19, வியாழன்

ஆப்பரேஷனுக்கு முன்னால் ஆலையிலிருந்து ஒரு கிளார்க் விசாரிக்க வந்தார். நல்ல மனுஷர். மல்லிகைப் பூ வாங்கி வந்திருந்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜன்னலில் வைத்தார். என் அடையாள அட்டையை எடுத்துப் போட்டோவையும் சங்கரியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பார்த்து என்ன செய்ய? பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"அப்பா பேரும்மா?"

"வெள்ளைச்சாமி," என்றாள் சங்கரி. அதோடு விட்டாளா? "குடிச்சுக் குடிச்சே செத்தாரு. ஊரெல்லாம் வம்பு."

என் அப்பாவை என் முன்னாலேயே. நான் நாத்தனார் ஆயிற்றே, வாயைத் திறக்க முடியுமா? விளக்குமாறை எடுத்துப் பெருக்கினேன்.

"கல்யாணமாகி எத்தனை வருசம்?"

"இருவத்திமூணு."

"வீட்டுக்காரர் பேரு?"

சங்கரி நிறுத்திவிட்டாள். பிறந்ததிலிருந்து அண்ணன் என்றே கூப்பிட்டவள். அவர் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். அவளால் அந்தப் பெயரைப் புருஷன் பெயராகச் சொல்ல முடியவில்லை. என் கையில் விளக்குமாறு அப்படியே நின்றது.

கிளார்க் சிரித்தார். "சரி சரி, எங்கம்மாவும் இப்படித்தான். எங்கப்பா பேரச் சொல்லவே மாட்டாங்க." அவரே எழுதிக்கொண்டார். பிறகு என் வீட்டுக்காரரிடம் கடைசியாக ஒரு கேள்வி. "இவங்க உங்க சம்சாரம்தானே?"

"ஆமா," என்றார் அவர், ஜன்னலைப் பார்த்து.

கிளார்க் போன பிறகு சங்கரி சொன்னாள்: "எங்கூடப் பொறந்தவன் என்னையப் பொண்டாட்டின்னு சொல்லிட்டான் மதினி." கேலியாகத்தான் ஆரம்பித்தாள். என் வீட்டுக்காரர் வெளியே போய் வெயிலில் நின்றார்.

பங்குனி 24, செவ்வாய்

மத்தியானம் லோடு இறக்குகிற கூலி வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. சங்கரி மருந்து மயக்கத்தில் தூங்கினாள். ஸ்கிரீன் மூடித்தான் இருந்தது. என் மடியில் தலையை வைத்து, சத்தம் வராமல் துண்டை வாயில் கடித்துக்கொண்டு அழுதார். ஐம்பது நாளில் முதல் தடவை. நான் அவர் தலையைக் கோதிக்கொடுத்துக்கொண்டு, "மொட்டை விழுந்துருச்சு, நாப்பத்தெட்டு வயசுலயே கிழவனாயிட்டீரு," என்றேன்.

பைப்படியில் ஒரு குடம் உருண்ட சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் சந்தில் ஒரு கண். பிறகு இல்லை.

பங்குனி 25, புதன்

பைப்படியில் எனக்கு முறை வரவே இல்லை. நான் குடத்தை வைத்தால் எடுத்துத் தள்ளி வைக்கிறார்கள். ஒருத்தி காறித் துப்பினாள்.

பத்து மணிக்குக் கோமதியக்கா வாசலில் வந்து நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள காலி பண்ணிருங்க. கட்டில்ல ஒருத்தி வெந்து கெடக்கா. அவ கண்ணு முன்னாடியே, கூடப் பொறந்தவளும் இவனும்... சொல்லவே வாய் கூசுது. நீயெல்லாம் பொம்பளையா? ஒனக்குப் போயி மாப்பிள்ள பாத்தேன்."

வாய்க்கு வாய் பேசுகிறவள் நான். ஆலையில் என் வாய்க்குப் பயந்து போர்மேனே சுற்றிப் போவார். இன்றைக்கு அந்த வாயால் எதைச் சொல்ல? நிஜத்தைச் சொன்னால் சித்திரை ஏழு இல்லை. சொல்லாவிட்டால் நான் கேடுகெட்டவள், அவ்வளவுதான். "சரிங்கக்கா, காலி பண்ணிர்றோம்," என்றேன்.

சங்கரி விழித்துத்தான் இருந்தாள்.

பங்குனி 27, வெள்ளி

வேறு வீடு கிடைக்கவில்லை. வெந்த உடம்பு என்றால் யாரும் தருவதில்லை.

காலையில் சங்கரி, "கோமதியக்காவக் கூப்பிடு," என்றாள். "எதுக்குடி?" என்றேன். இருக்கிற சத்தத்தையெல்லாம் கூட்டி அவளே ஜன்னல் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அக்கா உள்ளே வந்தார்.

"ஸ்கிரீன மூடு மதினி."

மூடினேன். மதினி என்று கேட்டதுமே அக்காவின் புருவம் ஏறிவிட்டது.

"அக்கா, நாந்தான் சங்கரேஸ்வரி. இந்தா நிக்கிறவ எம் மதினி மாரிக்கனி. எங்கண்ணன் பொண்டாட்டி. அவ பேருல நான் வேலைக்குப் போயி வெந்துட்டேன். அவ பேருலதான் எனக்கு வைத்தியம் பாக்குறாக. வெளிய தெரிஞ்சா ஆப்பரேசன் இல்ல. ஒங்ககிட்டச் சொல்லிட்டேன். இனி ஒங்க இஷ்டம்." மூச்சு வாங்கினாள். "எம்பேரு சங்கரேஸ்வரி," என்று மறுபடி சொன்னாள். அதற்கு அவசியமே இல்லை. சொல்லிப் பார்க்க ஆசை போல.

அக்கா என்னைப் பார்த்தார். "இதுக்கு என்னத்தடி அத்தாட்சி?"

"அந்த ஸ்கிரீன் ஓரத்தத் தொட்டுப் பாருங்க," என்றாள் சங்கரி.

கோமதியக்கா குனிந்து ஸ்கிரீனின் கீழ் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். மூலையில் விரல் நின்றது. துணிக்கு மேலேயே உருட்டி உருட்டிப் பார்த்தார். இரண்டு பொட்டு, நடுவில் குண்டுமணி. அக்காவின் கழுத்தில் அது இல்லாமல் போய்ப் பத்து வருஷம் இருக்கும். தொட்ட கைக்குத் தெரியாதா?

நிமிர்ந்து வெளியே போய்விட்டார். நாள் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். யார் வருவார்கள் என்று தெரியவில்லை. யாரும் வரவில்லை.

பங்குனி 28, சனி

காலையில் கோமதியக்கா வந்தார். ஒரு கையில் சுத்தியல், ஒரு கையில் இரண்டு பெரிய ஆணி, இடுப்பில் சொருகிய கம்பிச் சுருள்.

"எங்க வீட்டுக்காரர் போட்டோவுக்குக்கூட இந்தச் சுவத்துல நான் ஆணி எறக்கல. அலமாரியில சாத்தித்தான் வச்சிருக்கேன்," என்றார். "சட்டத்துக்குள்ள தொங்கவிட்டா சந்து தெரியத்தான் செய்யும். வெளிய தொங்கவிடு. ரெண்டு பக்கமும் ஒரு சாண் தாண்டி." தோளில் கிடந்த பழைய பருத்திச் சேலையை என் மேல் போட்டார். "துணி பத்தலேன்னா இத ஒட்டுப் போட்டுக்க."

நான் ஸ்டூலில் ஏறிவிட்டேன். ஆனால் அடிக்கக் கை வரவில்லை. ஆலைக்குள் இரும்புச் சுத்தியலுக்கு இடமில்லை. ஒரு பொறி போதும். இருபது வருஷமாக நான் இரும்பால் இரும்பை அடித்ததே இல்லை. கட்டிலில் சங்கரி கண்ணை இறுக்கிக்கொண்டாள்.

"நான் சொல்லச் சொல்ல அடி மதினி," என்றாள். "ம்." ஒரு அடி. "ம்." இன்னொரு அடி. ஒவ்வொரு ஆணிக்கும் ஒன்பது 'ம்'. நடுவில் ஒரு தடவை அவள் 'ம்' சொல்ல வெகு நேரம் ஆனது. சுத்தியலை ஓங்கியபடியே காத்திருந்தேன். அக்காவும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

பைப்படியில் அக்கா பேசியது உள்ளே வரை கேட்டது. "நாந்தான் தப்பாப் பாத்துட்டேன். கண்ணுல புரை. எவளாவது அந்தப் புள்ளையப் பேசுனீங்க, தண்ணிய நிப்பாட்டிருவேன்."

ஒட்டுப்போடத் தையல்காரரிடம் போனபோது, அளவு தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். "அன்னைக்கே தெரியும்மா," என்றார். தலையணை உறையைத் திருப்பிக் கேட்கவில்லை.

சித்திரை 1, செவ்வாய்

மாங்காய்ப் பச்சடி வைத்தேன். எஸ்தரின் நோட்டில்: மாரிக்கனி, இரண்டு கரண்டி. நிஜத்தில் அவள் இரண்டு, நான் மூன்று.

சித்திரை 6, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. முடியை மழிக்க வந்தவர் பார்த்துவிட்டு வேலை இல்லை என்று போய்விட்டார்.

மாற்று உடுப்பு போட்டுத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து வேறு வார்டுக்குக் கொண்டுபோனார்கள். கதவு வரை கூடவே போனேன். அங்கே நர்ஸ், "சங்கரி, நீங்க இங்கயே நில்லுங்க," என்று என்னை நிறுத்தியது. வண்டியிலிருந்து அவள் என்னை அருகே வரும்படி கண்ணால் கூப்பிட்டாள். குனிந்தேன்.

"மதினி, முடி ஈரம் காஞ்சிருச்சா?"

கதவு மூடிவிட்டது.

சித்திரை 7, திங்கள்

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். ஐந்து மணி நேரம்.

இந்த நோட்டில் நிஜம் மட்டும் என்று எழுதியிருக்கிறேன். அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை. தலைக்குச் சீயக்காய் போட்டுக் குளித்திருந்தேன். ஈர முடியில் மருந்துப் பொடி ஒட்டினால் ஒரு வாரத்துக்குப் போகாது. சோம்பலாக இருந்தது. அவள் மாவாட்டிக்கொண்டிருந்தாள். "நீ போயேன்டி. ஒனக்குத்தான் ஒட்டுறதுக்கு முடியே இல்லையே," என்றேன். அவள் மாவுக் கையோடு என்னை அடிக்க வந்தாள். சிரித்துக்கொண்டுதான் போனாள்.

எல்லாரிடமும் காய்ச்சல் என்று சொன்னேன். பக்கத்தில்தான் அவள் படுத்திருப்பாள். ஒரு தடவைகூட இல்லை என்று சொன்னதில்லை.

சித்திரை 10, வியாழன்

காய்ச்சல். அவளுக்கு. நூற்றுமூன்று.

சித்திரை 11, வெள்ளி

இறங்கவில்லை.

சித்திரை 12, சனி

காலை ஆறே முக்காலுக்கு.

ஆம்புலன்சில் அறைக்குக் கொண்டுவந்தோம். ஏழு வீட்டுப் பெண்களும் வந்துவிட்டார்கள். என்னைப் பார்த்துத் துப்பினவள்தான் முதலில் மார்பில் அடித்துக்கொண்டாள். "மாரிக்கனி, எங்கம்மா மாரிக்கனி, மஞ்சளும் குங்குமமுமாப் போறியே," என்று ஒருத்தி எடுக்க, மற்றவர்கள் கூட வாங்கிக்கொண்டார்கள். எனக்காக அழுவதை நான் உட்கார்ந்து கேட்டேன். நன்றாகத்தான் அழுதார்கள். நல்ல குணமென்று பாடினார்கள். என்னைத் தெரியாதவர்கள்.

நான் அழ வாயைத் திறந்தால் சங்கரி என்று வந்துவிடும். அதனால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் சுவரோடு நின்றார். "பொண்டாட்டி போயிட்டா, பாவம், கல்லாட்டம் நிக்கிறான்," என்று யாரோ சொன்னார்கள்.

கோமதியக்கா எழுந்தார். "குளிப்பாட்ட முடியாது. மஞ்சத் தண்ணியாவது தெளிக்கணும். எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க," என்று அத்தனை பேரையும் அனுப்பிவிட்டார். என் வீட்டுக்காரரையும் வெளியே தள்ளப் பார்த்தவளிடம், "புருசன் இருக்கட்டும்," என்றார். கதவைச் சாத்தினார். ஜன்னலுக்குப் போய் ஸ்கிரீனை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்துவிட்டார். சட்டத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் ஒரு சாண். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

"ம்," என்றார் எங்களிடம். "இப்பப் பேரச் சொல்லி அழுங்க. மெதுவா."

சொன்னோம்.

சித்திரை 14, திங்கள்

மாரிக்கனி, பெண், வயது 46, கணவர் பெயர் காளிராஜ். இறப்புச் சான்றிதழ் கொடுத்தார்கள். சுடுகாட்டிலும் உறவு என்ற இடத்தில் கணவர் என்றுதான் எழுதினார்கள். அவர் கையெழுத்துப் போட்டார். வாசலில் வந்து உட்கார்ந்து, "எந்தங்கச்சிக்கு எங்கயுமே பேரு இல்ல," என்றார். ஆபீஸுக்குப் போய் நிஜத்தைச் சொல்லிவிடலாம் என்றார்.

போனோம். கவுண்டரில், நான்தான் மாரிக்கனி என்றேன். அங்கிருந்தவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "பெரிய துக்கம்யா. தங்கச்சிய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி தூங்க வைங்க," என்றார். பின்னால் வரிசை நீளமாக இருந்தது.

ஊரில் யாரும் என்னைப் பார்த்துப் பேயென்று ஓட மாட்டார்கள். தாளைப் பார்த்தே ஆளைப் பார்க்கிற ரேஷன் கடைக்காரர் மட்டும் ஓடலாம்.

சித்திரை 18, வெள்ளி

அழகர் ஆற்றில் இறங்குகிற நாள். தெருவில் ஒரு ஆள் இல்லை. கோமதியக்கா மட்டும் போகாமல் எங்களை வழியனுப்ப இருந்தார்.

சாமான் கட்டினோம். எஸ்தரின் நோட்டில் பாதிப் பக்கம் மிச்சம். இதில் இது கடைசிப் பக்கம். ஸ்கிரீனைக் கழற்றி ஓரத்தைப் பிரித்துத் தாலியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். துணியை அக்காவிடம் கொடுத்தேன். தன் சேலை ஒட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும், நீயே கொண்டு போ," என்றார்.

"ஆணியவாவது பிடுங்கித் தந்துட்டுப் போறேங்க்கா. ஒங்க சுவரு."

"வேணாம். எங்க வீட்டுக்காரர் போட்டோவ அதுல மாட்டிக்கிறேன்," என்றார். அழுதுகொண்டே பேசினார்.

நான் கேட்கவில்லை. ஸ்டூலில் ஏறி இடது பக்க ஆணியைப் பிடுங்கினேன். ஒன்பது அடிக்கு இறங்கினது, ஒரே இழுப்பில் வந்துவிட்டது. கூடவே உள்ளங்கை அகலத்துக்குக் காரையும் பெயர்ந்து, கீழே திறந்திருந்த சோற்றுப் பானையில் விழுந்தது. மேலாக எடுத்துப் போட்டுவிட்டு மூன்று பேரும் சாப்பிட்டோம்.